இரண்டே முக்கால் கன மீட்டர் காற்று

பெட்டியைப் படுக்க வைக்காதீர்கள் சார், நிமிர்த்தி வையுங்கள். பாதிதான் நிறைந்திருக்கிறது, கப்பல் ஆடினால் உள்ளே எல்லாம் உருளும். திறந்து பார்த்தேன் என்று நினைக்காதீர்கள். முந்தாநாள் நீங்கள் தூக்கிக்கொண்டு ஏறியபோதே தெரிந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் அதற்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்றுதான் என் கண் முதலில் போகும். இருபத்தெட்டு வருஷத் தொழில்.

ஏகாம்பரம் என்று பெயர். ராயபுரத்தில் போய் டேப் ஏகாம்பரம் என்று கேட்டால் சொல்வார்கள். சென்னையிலிருந்து அந்தமானுக்கு வீட்டுச் சாமானும் காரும் அனுப்புகிற கம்பெனியில் அளவெடுக்கிறவன். மாற்றலாகிப் போகிற உத்தியோகஸ்தர்கள், கல்யாணம் பண்ணிக்கொண்டு போகிற பெண்கள், எல்லார் வீட்டுச் சாமானும் என் டேப்பைத் தாண்டித்தான் கப்பல் ஏறும். பகலில் லாரியை ஊருக்குள் விட மாட்டார்கள் என்பதால் எனக்கு வேலை ராத்திரியில். பகலில் தூங்குவேன். தூங்குவேன் என்றுதான் பெயர்.

உங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமா சார்? கப்பலில் எடைக்குக் காசு இல்லை, இடத்துக்குத்தான் காசு. நீளம், அகலம், உயரம், மூன்றையும் பெருக்கினால் கன மீட்டர். ஒரு கன மீட்டர் பஞ்சு மூட்டைக்கும் ஒரு கன மீட்டர் இரும்புக்கும் ஒரே கட்டணம். இதைச் சொன்னால் ஜனங்களுக்குப் புரியாது. பீரோவைக் காலி பண்ணித் துடைத்து, சுத்தமாகக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். "ஏம்மா, இதுக்குள்ள இருக்கற காத்துக்கும் சேர்த்துத்தானே காசு கட்டப் போறீங்க? நடுக்கடல்ல இல்லாத காத்தா? பெரம்பூர்க் காத்தைக் காசு குடுத்து ஏத்துமதி பண்ணணுமா?" என்பேன். சிரிப்பார்கள். பிறகு நானே நின்று அடைத்துக் கொடுப்பேன். ஃபிரிட்ஜுக்குள் துணி, வாஷிங் மிஷினுக்குள் பாத்திரம், பாத்திரத்துக்குள் பருப்பு, குக்கருக்குள் குழந்தையின் செருப்பு. என் கையில் வந்த எந்தக் குடும்பமும் காற்றுக்குக் காசு கட்டியதில்லை. கம்பெனிக்கு அது நஷ்டம்தான். இருந்தாலும் முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார், ஏகாம்பரத்துக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். எங்கள் வீட்டில் ஒரு டப்பா காலியாக இருக்காது. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேலே, பழைய டி.வி. பெட்டிக்குள்ளே, எல்லா இடத்திலும் ஏதாவது இருக்கும், எது எங்கே என்று எனக்கு மனப்பாடம். என் சம்சாரம் சுலோச்சனாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. "இந்த வீட்ல மூச்சு விட எடமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். டாக்டரிடம் காட்டினேன் சார், ஆஸ்துமா எல்லாம் ஒன்றும் கிடையாது. இப்போது தாம்பரத்தில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். மூன்று வருஷம் ஆகிறது. வருவாள்.

அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது ஒரு காரைப் பற்றி.

போன சித்திரையில் ஒரு அம்மா வந்தது. புஷ்பகாந்தி என்று பெயர். ஐம்பது வயசு இருக்கும், பெரம்பூர். அந்தம்மாவுடைய தம்பி சாலமன் போர்ட் பிளேரில் ஜங்லிகாட் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். புருஷன் போய்விட்டதால் தம்பியோடு போய் இருக்கப் போகிறது. வீட்டுச் சாமானும் ஒரு காரும். பழைய ஸென், இப்போது அந்த மாடலே வருவதில்லை. நான் நேராகவே சொன்னேன். "அம்மா, இதை வித்தா என்ன கெடைக்குமோ அதைவிட அனுப்பற செலவு ஜாஸ்தி. இங்கயே தள்ளிட்டு அங்க போய் நல்லதா ஒண்ணு வாங்குங்க." வாடிக்கையாளரிடம் இப்படி எந்தக் கம்பெனிக்காரன் சொல்வான், சொல்லுங்கள்.

"பரவால்லண்ணா, போகட்டும்" என்றது.

"ஓட்டத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுண்ணா."

"தம்பி ஓட்டுவாரா?"

"அவன்கிட்ட வேற வண்டி இருக்கு."

சில பேர் அப்படித்தான் சார், காசு அருமை தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். காருக்கு மூன்று பக்கமும் அளந்தேன். ஏழரை கன மீட்டர். உள்ளே பார்த்தேன், கண்ணாலேயே சொல்லிவிட்டேன், இரண்டே முக்கால் கன மீட்டர் காற்று. காரை ஒரு டப்பா மாதிரிதான் கணக்குப் போடுவார்கள், உள்ளே எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே காசு. சட்டப்படி உள்ளே எதுவும் இருக்கக் கூடாது. யாரும் பார்ப்பதில்லை. எல்லாரும் வைப்பார்கள்.

ஆனால் அந்தம்மா முதலிலேயே சொல்லிவிட்டது, காருக்குள்ளே எதுவும் வைக்க வேண்டாம் என்று. எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஏன் வைக்கப் போகிறேன்? இது நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். ஸீட்டில் கறை படும், கண்ணாடி கீறும் என்று பயப்படுவார்கள், வழக்கமாக எல்லாரும் சொல்கிறதுதானே. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கார் எங்கள் கிடங்குக்கு எப்படி வந்தது என்று கேளுங்கள். பதினாலு மாசமாக ஓடாத வண்டி. கயிறு கட்டி இழுத்திருக்கலாம், முந்நூறு ரூபாயில் வேலை முடிந்திருக்கும். அந்தம்மா பழுதான வண்டிகளைத் தூக்கிப் போகிற லாரியை வரவழைத்து, காரை அப்படியே மேலே ஏற்றிக் கொண்டுவந்தது. கயிறு கட்டி இழுத்தால் யாராவது ஸ்டியரிங்கில் உட்கார வேண்டும் இல்லையா? அது கூடாதாம். கிடங்கில் தள்ளும்போதும் ஜன்னல் வழியாகக் கை விட்டுத்தான் ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னது. காதர் என்று என்னோடு இருபது வருஷமாக மூட்டை ஏற்றுகிறவன், அவன் ஜன்னலில் தொங்கிக்கொண்டே திருப்பினான். "ஏண்ணே, ஸீட்ல முள்ளு கிள்ளு கெடக்குதா?" என்று கேட்டான். நாங்கள் சிரித்தோம்.

சரி, அந்தம்மா சொன்னது. எதற்கு என்று சொல்லவில்லை என இப்போதுதான் சொன்னேன், இல்லையா? சொன்னது. தெளிவாகச் சொல்லவில்லை. கிளம்பும்போது காரைச் சுற்றி வந்து, வலது பக்கக் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு, "அவர் எறங்கிப் போனது போலவே இருக்குண்ணா" என்றது. நான் அப்போது சோபாவை அளந்துகொண்டிருந்தேன். "ஆமாம்மா, வண்டி நல்லாத்தான் வெச்சிருக்கீங்க" என்றேன்.

இரண்டு நாள் கழித்து கன்டெய்னரில் ஏற்றினோம். பின்பக்கம் அந்தம்மாவின் சாமான், முன்பக்கம் கார். சாமான் மிஞ்சிவிட்டது. இரண்டு மெத்தை, ஒரு தையல் மிஷின், அரிசி டிரம், நாலு அட்டைப்பெட்டி. அதை அடுத்தவர் கன்டெய்னரில் போட்டால் அந்தம்மாவுக்கு ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். இங்கே கண் முன்னால் இரண்டே முக்கால் கன மீட்டர் சும்மா நிற்கிறது. நான் காரின் கதவைத் திறந்தேன்.

காதர் சொன்னான். "அண்ணே, அந்தம்மா வேணாம்னுச்சே."

"அது தெரியாம சொல்லுது. ஒம்போதாயிரத்தை நீ குடுப்பியா?"

"நான் எதுக்குக் குடுக்கறேன்? நீ சொன்னாப்ல செய்யி."

அவன் மெத்தையைத் தூக்கி வந்தான். மெத்தை நுழையவில்லை. டிரைவர் ஸீட் பின்னால் தள்ளி இருந்தது. ஸீட்டுக்கு அடியில் ஒரு கம்பி இருக்கும் சார், தூக்கினால் ஸீட் நகரும், டக் டக்கென்று ஒவ்வொரு பல்லாகப் போய் விழும். நான்தான் குனிந்து கம்பியைத் தூக்கினேன். நான்தான் ஸீட்டை முன்னால் இழுத்தேன், ஸ்டியரிங்கில் முட்டுகிற வரைக்கும். சாய்மானத்தையும் மடக்கினேன். பிறகு எல்லாம் போயிற்று. மெத்தையைச் சுருட்டிப் பின்னால், டிரம் கீழே, தையல் மிஷின் பக்கத்து ஸீட்டில். ஒரு செருப்பு வைக்கக்கூட இடமில்லாமல் அடைத்தேன். அவ்வளவு அழகாக ஒரு காரை நான் அடைத்ததே இல்லை. காதர்கூட நின்று பார்த்தான்.

அடுத்த நாள் பணம் கட்ட வந்தபோது சொன்னேன், "ஒம்போதாயிரம் மிச்சம் பண்ணியிருக்கேம்மா." எப்படி என்று அந்தம்மா கேட்கவில்லை. முதலாளி தள்ளுபடி கொடுத்தார் என்று நினைத்திருக்கும். கையெடுத்துக் கும்பிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது சார், பொய் சொல்ல மாட்டேன்.

ஐம்பது நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நாலு மணி, எனக்கு நல்ல தூக்கம். போன்.

"அண்ணா, நான் புஷ்பகாந்தி. வண்டி வந்துடுச்சு."

"எல்லாம் சேதாரம் இல்லாம வந்துச்சாம்மா?"

"வந்துச்சுண்ணா. ஒண்ணு கேக்கணும். டிரைவர் ஸீட்டை யாரு தள்ளினது?"

"நான்தாம்மா."

"எத்தனை பல்லு முன்னாடி இழுத்தீங்கண்ணா?"

அந்தம்மா என்ன கேட்கிறது என்றே எனக்குப் புரியவில்லை. தூக்கக் கலக்கம். "அதுக்கென்னம்மா, கம்பியைத் தூக்கி வேணும்ங்கற எடத்துல தள்ளிக்குங்க" என்றேன்.

பிறகுதான் சொன்னது. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை சார். திட்டவே இல்லை. ஏதோ ரேஷன் கடையில் விசாரிக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னது.

அவர் பெயர் அருள்தாஸ். ரயில்வேயில் வேலை. ஆறடி இரண்டு அங்குலம். ஒரு நாள் சாயங்காலம் வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் போய், தண்ணீர் கேட்டிருக்கிறார். அந்தம்மா தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. எல்லாம் ஆன பிறகு, வீட்டில் அவருடைய கட்டிலை யாரோ நகர்த்தினார்கள், துணிமணியை யாரோ எடுத்துப் போனார்கள், நாற்காலியில் வந்தவன் போனவன் எல்லாம் உட்கார்ந்தான். கார் மட்டும் அப்படியே இருந்திருக்கிறது. அந்தம்மா தினமும் சாயங்காலம் டீயை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து ஸீட்டில் உட்காரும். அந்த ஸீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் இருக்கிற இடம் இருக்கிறதே, அது அவர் அளவுக்கு இருந்ததாம். வேறு யார் அளவுக்கும் இல்லையாம். அப்படித்தான் சொன்னது.

"அப்ப கடைசிப் பல்லு வரைக்கும் தள்ளிடுங்கம்மா, உயரமான ஆளு" என்றேன்.

"இல்லண்ணா, கடைசியில இல்ல. அவருக்கு இடது முட்டி மடங்காது. கிளட்சுக்காகக் கொஞ்சம் முன்னாடி வெச்சிருப்பார். எனக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு. ஒவ்வொரு பல்லா தள்ளித் தள்ளி உக்காந்து பாத்தேன். பாத்துப் பாத்து இப்ப எனக்கும் மறந்துபோச்சுண்ணா. கடைசியா அதைத் தொட்டது நீங்கதான். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

எனக்கு ஞாபகம் இல்லை சார்.

தொண்ணூற்று எட்டில் ஒரு தாசில்தார் அனுப்பிய ஊஞ்சல் பலகையின் அளவு கேளுங்கள், சொல்கிறேன். நாலடி ஏழு அங்குலம், இரண்டடி, ஒன்றேகால் அங்குலக் கனம். எனக்கு மறதி கிடையாது. அந்த ஸீட் மட்டும் ஞாபகம் இல்லை. கம்பி கையில் ஜில்லென்று இருந்தது ஞாபகம் இருக்கிறது. பல் விழுந்த சத்தம் ஞாபகம் இருக்கிறது. எத்தனை சத்தம்? எண்ணவில்லையே சார், எதற்கு எண்ணுவேன்?

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன்.

அடுத்த ஞாயிறு அதே நாலு மணிக்கு போன். "ஞாபகம் வந்துச்சாண்ணா?" இல்லையம்மா. "சரிண்ணா." அவ்வளவுதான், வைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு. "ஞாபகம் வந்துச்சாண்ணா?" ஏழு மாசம் சார். ஒரு ஞாயிறு தப்பவில்லை. சனிக்கிழமையே எனக்குத் தூக்கம் போய்விடும். நம்பரைத் தடுத்துவிடு என்று காதர் சொன்னான். எப்படித் தடுப்பேன்? யாராவது ஒருவர் என்னிடம் ஒரு அளவைக் கேட்டு நான் சொல்லாமல் இருந்ததில்லை.

புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய கார்களைப் பிரித்து விற்கிற இடம், தெரியுமே. பிரித்துப் போட்ட ஸென் எங்கே கிடந்தாலும் உள்ளே குனிந்து ஸீட்டை இழுத்துப் பார்ப்பேன். அந்த ஸீட்டுக்கு மொத்தம் பதினோரு பல். கண்ணை மூடிக்கொண்டு இழுப்பேன். மனசு மறந்தாலும் கை மறக்காது என்பார்களே. ஒரு நாள் ஐந்து என்று தோன்றும், இன்னொரு நாள் எட்டு. ஒரு கடைக்காரன், "இன்னா சார், வாங்கப் போறியா, இல்ல விளையாடினு இருக்கியா?" என்று கேட்டான். கணக்குப் போட்டும் பார்த்தேன். மெத்தை இத்தனை, டிரம் இத்தனை, தையல் மிஷின் இத்தனை, மொத்தத்தில் கழித்தால் ஸீட் எங்கே இருந்தது என்று வர வேண்டும். வரவில்லை. எவ்வளவு கழித்தாலும் ஒரு ஆள் அளவுக்கு இடம் மிஞ்சுகிறது. அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

சில நாள் கிடங்கில் காலி பீரோவைத் திறந்தால் அடைக்க மனசு வருவதில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். "அண்ணே, உள்ள யாருனா கீறாங்களா?" என்பான் காதர். கிண்டலாகத்தான் கேட்பான். நான் உள்ளே பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

பிறகு போன தை மாசம் போன் நின்றுவிட்டது.

நிம்மதி என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஞாயிறு நானே கூப்பிட்டேன். தம்பி சாலமன் எடுத்தார்.

"நீங்கதான் அந்த அளவெடுக்கறவரா? அக்கா இப்ப கார் பக்கமே போறதில்லீங்க. வித்துடுன்னு சொல்லிடுச்சு. வர்ற வெள்ளிக்கிழமை ஆள் வந்து எடுத்துட்டுப் போறான்."

"அவங்ககிட்ட குடுங்களேன், பேசறேன்."

"வேணாங்க. உங்களுக்கே ஞாபகம் இல்லைன்னா அப்புறம் யாருக்கும் இல்லைன்னு சொல்லிட்டு எந்திரிச்சிப் போச்சு. இனிமே கேக்காது."

இது எப்படி இருக்கிறது பாருங்கள். நான் என்ன கெடுதல் செய்துவிட்டேன்? ஒன்பதாயிரம் மிச்சம் பண்ணிக் கொடுத்தேன். ஒரு பொருள் உடையவில்லை, ஒரு கீறல் இல்லை. அந்தம்மாவே அதை ஒத்துக்கொள்ளும். சும்மா கிடந்த இடத்தில் சாமானை வைத்தேன், இதுதானே என் தொழில்? இருபத்தெட்டு வருஷத்தில் வேறு யாராவது என்னிடம் காற்றைப் பத்திரமாக அனுப்பு என்று கேட்டிருக்கிறார்களா? இருந்தாலும் மனசு கேட்கவில்லை. லீவு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். இத்தனை வருஷம் எத்தனையோ வீடுகளை இந்தக் கடலைத் தாண்டி அனுப்பியிருக்கிறேன், நான் கப்பல் ஏறுவது இதுதான் முதல் தடவை. இன்றைக்குப் புதன். நாளைக் காலையில் கரை. வெள்ளிக்கிழமை கார் போய்விடும். நடுவில் ஒரு நாள் இருக்கிறது. சாலமனிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன், அக்காவிடம் அவர் சொல்லவில்லை.

போய் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறீர்கள். அதைத்தான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டு வந்தேன். ஐந்தாவது பல் என்று ஒரு பொய் சொல்லிவிடலாம், அந்தம்மா நம்பிவிடும். ஆனால் அளவில் பொய் சொல்ல எனக்கு வராது சார். வேறு எதில் வேண்டுமானாலும் சொல்வேன்.

நேற்று மத்தியானம்தான் வழி தெரிந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கால் படுக்கைக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. படுக்கையின் நீளம் எனக்குத் தெரியும். நீங்கள் ஆறடி இரண்டு. அரை அங்குலம் கூட இருக்கலாம், குறைய இருக்காது. இந்தக் கப்பலில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், எல்லாரையும் பார்த்துவிட்டேன், வேறு யாரும் இல்லை.

ஒரு அரை மணி நேரம் சார். ஹார்பரிலிருந்து ஜங்லிகாட் பக்கம்தான், ஆட்டோ நான் பிடிக்கிறேன். அந்தக் காரில் ஒரு தடவை உட்கார்ந்து காட்டினால் போதும். நான் இத்தனை நாள் செய்த தப்பு என்ன தெரியுமா? காலியாக வைத்துக்கொண்டே அளவு தேடினேன். காலியாக இருந்தால் அளவு எப்படித் தெரியும்? உள்ளே ஒரு ஆளை வைத்தால் தெரிந்துவிடும். அந்தம்மா பக்கத்து ஸீட்டில் உட்காரும். உங்கள் தோள் எங்கே வருகிறது என்று பார்க்கும். பார்த்த உடனே அதற்குத் தெரியும்.

இடது காலை மட்டும் கொஞ்சம் நீட்டி வைத்துக்கொள்ளுங்கள், முட்டி மடங்காத மாதிரி. ஸீட்டை நான் தொட மாட்டேன், நான் வெளியே நிற்கிறேன். கம்பி அடியில்தான் இருக்கிறது, குனியாமலே கைக்கு எட்டும். நீங்களே தூக்கி, உங்களுக்கு எது வசதியோ அந்த இடத்தில் தள்ளிக்கொள்ளுங்கள். அந்தம்மா போதும் என்று சொல்கிற வரைக்கும் இறங்கிவிடாதீர்கள். ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டாம் சார். அவர் வண்டியில் உட்கார்ந்தால் பேச மாட்டாராம்.